எதிரில் நிற்பவரின் வசனம்

நான் முதன்முதலில் மேடை ஏறியது 1981இல். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. மவுண்ட் ரோட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை. அப்பா திருவல்லிக்கேணியில் ஒரு அமெச்சூர் நாடகக் குழுவுக்கு ப்ராம்ப்டர், அதாவது நடிப்பவர் வசனம் மறந்தால் மேடை ஓரத்திலிருந்து எடுத்துக் கொடுப்பவர். பகல் முழுக்க அவருக்கும் ஆபீஸ்தான். சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறையில் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஒத்திகை நடக்கும். ராத்திரி ஒன்பதரைக்குத்தான் வீடு திரும்புவார்.

அந்தக் காலத்தில் ஒரு நாடகத்தைப் போட வேண்டும் என்றால் முழுப் பிரதியையும் காவல்துறையிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அப்படிச் சொன்னது. (2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளைச் செல்லாதவை என்று அறிவித்தது. அதுவரை குழுச் செயலாளர்களுக்கு அந்த அலைச்சல் இருந்தது.) பிரதியை டைப் அடித்துக் கொடுக்க ஆள் தேவைப்பட்டது. அப்பா என்னைச் செய்யச் சொன்னார். கார்பன் வைத்து மூன்று காப்பி. தமிழ் டைப்ரைட்டரில் நூற்றுப் பத்துப் பக்கம். அடித்து முடிக்கும்போது அந்த நாடகத்தில் எல்லாருடைய வசனமும் எனக்கு மனப்பாடம். நடிக்க வேண்டும் என்ற நினைப்பு அப்போது இல்லை. எழுத்தாக என் விரல் வழியே போனதால் அது உள்ளே தங்கிவிட்டது, அவ்வளவுதான்.

நாடகத்தன்று தங்கை வேடம் போட வேண்டிய பெண்ணுக்கு அம்மை கண்டுவிட்டது. செயலாளர் அப்பாவிடம் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "உங்க பொண்ணுக்கு டயலாக் பூரா தெரியும்னு சொன்னீங்களே சார்" என்றார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். மயிலாப்பூரில் ஒரு சபா. நான் பேச வேண்டிய வசனம் மொத்தம் பதினேழு. ஒன்றுகூடத் தவறவில்லை. ஆனால் பின்வரிசையில் இருந்த ஒருவருக்கும் ஒன்றுகூடக் கேட்கவில்லை. இதை அப்பாவே சொன்னார்.

அதை எனக்குச் சரிசெய்து கொடுத்தவர் அந்தக் குழுவில் மாமியார் வேடம் போட்டுக்கொண்டிருந்த ஒரு அக்கா. புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டு, குடும்பத்தோடு சென்னைக்கு வந்தவர். ஸ்பெஷல் நாடகம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கதாநாயகன் வேடம் போடும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், பெண் வேடம் போடும் ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, சிரிப்பு மூட்டும் பபூன் வேறோர் ஊரிலிருந்து. தனித்தனியாகப் பேசி அமர்த்தப்பட்டவர்கள். ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த வள்ளி திருமணம் மாதிரி நாடகங்கள் எல்லாருக்கும் பாடம். ராத்திரி பத்து மணிக்கு மேடையில்தான் ஒருவரையொருவர் சந்திப்பார்கள். விடியும்வரை நாடகம் நடக்கும். எதிரில் நிற்பவர் அன்றைக்கு எந்தப் பாட்டை எடுப்பார், எந்தத் தர்க்கத்தை இழுப்பார் என்று முன்கூட்டித் தெரியாது. காதுதான் துணை.

அந்த அக்கா என்னைத் தன் வீட்டு மொட்டை மாடியில் நிறுத்தி, அவர் எதிர்க் கோடியில் உட்கார்ந்துகொள்வார். "கத்தாத. கத்துனா தொண்டை போயிரும். வயித்துலேர்ந்து கொண்டாந்து என் மடியில வை" என்பார். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. மூச்சை முதலில் நிரப்பி, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழவிடாமல் தாங்க வேண்டும். தமிழில் வினை கடைசியில் வருகிறது. 'நான் அவனைப் பார்க்கவே' என்பது கேட்டு, 'இல்லை' என்பது கேட்காமல் போனால் கதையே மாறிவிடும். இன்றைக்கும் மேடைக்கு வரும் புதுப் பிள்ளைகளிடம் நான் முதலில் கவனிப்பது இதைத்தான். கடைசிச் சொல் கீழே விழுகிறதா, நிற்கிறதா.

அவர் சொன்ன இன்னொன்று: "உன் வசனத்தை நீ மனப்பாடம் பண்ணாத. எதிர்ல நிக்கிறவன் வசனத்தை மனப்பாடம் பண்ணு. அவன் பேசுனா உனக்குத் தானா வரும்." டைப் அடித்த பழக்கத்தால் எனக்கு அது சுலபமாக இருந்தது. எவ்வளவு பெரிய விஷயம் என்பது 1986இல்தான் புரிந்தது.

வாணி மகாலில் நாடகம். எனக்கு இருபத்து நாலு வயது, அம்மா வேடம். (அமெச்சூர் குழுக்களில் பெண்கள் குறைவு. ஒரு நாடகத்தில் இரண்டு, மிஞ்சினால் மூன்று பெண் வேடம். அதனால் வயது பார்க்க முடியாது.) இரண்டாவது காட்சியில் மகன், "எனக்கு எதுவும் தெரியாதும்மா" என்பான். நான் கடிதத்தை எடுத்து நீட்ட வேண்டும். ஆறாவது காட்சியில் அதே மகன், "எனக்கு எதுவும் தெரியலம்மா" என்பான். அங்கே நான் அழ வேண்டும். அன்றைக்கு மகனாக நடித்தவர் இரண்டாவது காட்சியில் ஆறாவது காட்சி வசனத்தைச் சொல்லிவிட்டு, அப்படியே அந்தத் தொடர்ச்சியில் பேசிக்கொண்டே போகிறார். நடுவில் இருபது பக்கம் காணாமல் போகிறது. சைடு விங்கில் அப்பா பக்கங்களைப் புரட்டும் சத்தம் எனக்குக் கேட்கிறது. கதைப்படி அந்தக் கடிதம் வெளியே வராவிட்டால் கடைசிக் காட்சியே கிடையாது. மகனாக நடித்தவருக்கு நடந்தது தெரிந்துவிட்டது. நெற்றியில் வியர்வை, கண் என்னையே பார்க்கிறது. அவர் எந்த இடத்தில் இருக்கிறார், எந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது இரண்டுமே எனக்குத் தெரிந்திருந்தது. "அதெல்லாம் அப்புறம் பேசலாம். காலைல தபால்காரன் குடுத்தானே, இது என்னடா?" என்று கடிதத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கினார். வாங்கிய கை நடுங்கியது. அந்த நடுக்கம் காட்சிக்குப் பொருத்தமாக இருந்ததால் முன்வரிசையில் 'த்சொ' என்றார்கள்.

அன்றிலிருந்து எந்தப் பிரதி கைக்கு வந்தாலும் முதலில் ஒன்று செய்வேன். ஒரே மாதிரி முடியும் வசனங்களைத் தேடிச் சிவப்பு மையில் வட்டம் போடுவேன். அவைதான் குழி. எழுதியவரிடம் சொல்லி ஒன்றை மாற்ற முடிந்தால் மாற்றச் சொல்வேன். முடியாவிட்டால், எதிரில் நிற்பவரிடம் போய் "இந்த ரெண்டு இடமும் ஒரே மாதிரி இருக்கு, பார்த்துக்கோங்க" என்று சொல்லிவைப்பேன். இதுவரை யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

அந்தக் காலத்தில் குழுவில் ஆண்கள் சம்பளம் வாங்க மாட்டார்கள். பேங்க், இன்ஷூரன்ஸ், அரசாங்க அலுவலகம் என்று எல்லாருக்கும் வேலை இருந்தது. நடிக்க வரும் பெண்களுக்கு மட்டும் ஒரு நாடகத்துக்கு இவ்வளவு என்று கவரில் வைத்துக் கொடுப்பார்கள். எனக்கு முதலில் வந்தது 50 ரூபாய், ஆட்டோவுக்குத் தனியாக. நான் மூன்று குழுக்களில் நடித்தேன். மாதம் எட்டு, ஒன்பது நாடகம். எந்தத் தேதி எந்தக் குழு, எந்த சபா, எந்தப் புடவை, எவ்வளவு வந்தது என்று எழுதிவைக்க ஒரு நீள நோட்டு வாங்கினேன். மளிகைக் கடையில் கணக்கு எழுதுவார்களே, அந்த மாதிரி. இப்போது பதினாறாவது நோட்டு ஓடுகிறது. நாடக நோட்டீஸ்களையும் அதிலேயே ஒட்டிவைத்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு புகுந்த வீட்டில் சிக்கல் வந்தது. "நாடகத்துல நடிக்கிற பொண்ணா" என்ற கேள்வியை என் காது படவே கேட்டிருக்கிறார்கள். அந்தக் காயத்தை நான் மறக்கவில்லை. பையன்களை வைத்தே நாடகம் போட்டு, ஆண்களே ஸ்திரீபார்ட்டும் போட்ட பாய்ஸ் கம்பெனிக் காலம் போய் எத்தனையோ வருஷம் ஆகியும், மேடை ஏறும் பெண்ணைப் பார்க்கும் பார்வை மாறவில்லை. என் கணவர் ஒருநாள் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டுபோய் ரசிக ரஞ்சனி சபாவில் மூன்றாவது வரிசையில் உட்காரவைத்தார். நாடகம் முடிந்து வெளியே வந்த என் மாமியார், "கடைசில பேசினியே, அது நிஜமா நம்ம வீட்டுப் பேச்சு மாதிரி இருந்தது" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அதன்பிறகு நாடகத்தன்று ராத்திரிச் சாப்பாட்டை அவர் எனக்கு எடுத்துவைக்க ஆரம்பித்தார்.

மேடைக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவில் நான் படித்த பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது வானொலி. கடற்கரைச் சாலையில் இருக்கும் சென்னை வானொலி நிலையத்தில் நாடகக் கலைஞருக்கான குரல் தேர்வு கொடுத்து, 'பி' கிரேடு வாங்கினேன். மேடையில் எழுபதடி தூரத்துக்குப் பேசிப் பழகிய குரலை, அங்கே ஒரு சாண் தூரத்தில் இருக்கும் மைக்குக்குப் பேச வேண்டும். பிரதியைப் பின் அடிக்க மாட்டார்கள். தனித்தனித் தாளாக இருக்கும். ஒரு தாளை எடுத்து இன்னொன்றுக்கு அடியில் வைக்கும் சத்தம்கூட ஒலிப்பதிவில் விழக் கூடாது. இடது கையில் தாள், வலது கை வெறுமனே தொங்கிக்கொண்டிருக்கும். முகத்தையும் கையையும் நம்பி வந்தவர்களுக்கு அங்கே ஒன்றுமே மிஞ்சாது. குரலில் சிரிப்பு வர வேண்டும் என்றால் உதடு நிஜமாகவே விரிய வேண்டும் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். பூர்ணம் விஸ்வநாதன் சார் மாதிரி வானொலியிலிருந்து வந்த நடிகர்களின் பேச்சு ஏன் அவ்வளவு துல்லியமாக இருந்தது என்பது அந்த மைக் முன்னால் நின்றபோது புரிந்தது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. நான் அங்கே முதலில் போனது 1987இல், ஒரு செவ்வாய்க்கிழமை நாடகத்துக்காக. ஸ்டூடியோவில் மூன்று கேமரா. வெட்டி வெட்டி எடுக்க மாட்டார்கள். ஏழெட்டு நிமிஷக் காட்சியை ஒரே மூச்சில் பதிவு செய்வார்கள். எனவே மேடைக்காரர்களுக்கு அது பெரிய மாற்றமில்லை என்றுதான் போனேன். முதல் காட்சியில் என் வசனத்தைப் பேசினேன். மேலே கண்ட்ரோல் ரூமிலிருந்து தயாரிப்பாளர் இறங்கி வந்தார். எல்லார் முன்னாலும் ஒன்றும் சொல்லவில்லை. ஓரமாகக் கூட்டிப்போய், "நீங்க வாணி மகாலுக்குப் பேசறீங்க. இங்க ஒரு வீட்டுக் கூடத்துல உக்காந்திருக்கற ஒரே ஒரு அம்மாவுக்குப் பேசுங்க. அவங்க கையில காபி இருக்கு" என்றார். அந்தக் காபியை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

குரல் குறைந்தது. முகம் குறைய இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது. மேடையில் புருவம் உயர்ந்தால்தான் பதினைந்தாவது வரிசைக்குத் தெரியும். க்ளோஸப்பில் அதே புருவம் கூரையை இடிக்கும். கண்ணாடி முன்னால் நின்று பழகாதீர்கள் என்று இளையவர்களுக்குச் சொல்வேன். கண்ணாடி முன்னால் நம்மை நாமே பார்க்கிறோம், எதிரில் இருப்பவரைப் பார்ப்பதில்லை. வீட்டில் யாரையாவது எதிரில் உட்காரவைத்து, அவர்கள் அன்றைக்கு நடந்ததைச் சொல்லும்போது வெறுமனே கேளுங்கள். கேட்கும்போது முகம் என்ன செய்கிறதோ, கேமராவுக்கு அதுவே போதும்.

1993 ஏப்ரல் 14இல் சன் டிவி வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் தினசரித் தொடர்கள் தொடங்கின. சபாக்களில் கூட்டம் குறைந்துகொண்டே வந்த காலம் அது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூர்தர்ஷனில் படம் போட ஆரம்பித்தபோதே பாதி நாற்காலி காலியாகத் தொடங்கியிருந்தது. எங்கள் மூன்று குழுக்களில் இரண்டு நின்றுபோயின. நாடகத்திலிருந்து சினிமாவுக்குப் போய்ப் பெரிய இயக்குநரான கே. பாலசந்தர் சார் போன்றவர்களே தொலைக்காட்சிக்குத் தொடர் எடுக்க வந்துவிட்டார்கள். நாங்களும் போனோம். 2000இல் நான் ஆபீஸ் வேலையை விட்டேன். அது சரியா தப்பா என்று கேட்டால், பதினெட்டு வருஷ சர்வீஸை விட்டுவிட்டு வரும்போது கையில் ஒரு வருஷச் செலவுக்குப் பணம் வைத்திருந்தேன் என்பதை மட்டும் சொல்வேன். அது இல்லாவிட்டால் முதல் வருஷமே திரும்பிப் போயிருப்பேன்.

தொடரின் படப்பிடிப்பு வளசரவாக்கத்தில் ஒரு பெரிய வீட்டில். மாடியில் பணக்காரக் குடும்பம், கீழே அதே வீட்டின் பின்கட்டு ஏழைக் குடும்பம். காலை ஒன்பது முதல் ராத்திரி ஒன்பது வரை கால்ஷீட். ஒரு நாளில் பத்து, பன்னிரண்டு சீன் எடுப்பார்கள். பிரதி முதல் நாள் கிடைக்காது. ஸ்பாட்டில்தான் வரும், சில நாள் மை காயாமல். உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வசனத்தைச் சொல்லச் சொல்ல, நாம் அதை வாங்கிப் பேச வேண்டும். குரலைப் பிறகு டப்பிங்கில் போட்டுக்கொள்ளலாம்.

இந்த ப்ராம்ப்டிங்கைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். நான் பார்த்தவரை, மேடையிலிருந்து வந்த நல்ல நடிகர்களின் நடிப்பு தேய்ந்தது இங்கேதான். என் அப்பாவும் ப்ராம்ப்டர். ஆனால் அவர் குரல் எங்களுக்குத் தேவைப்பட்டது வருஷத்தில் நாலு தடவை. இங்கே ஒவ்வொரு வரிக்கும் ஒரு குரல் வருகிறது. காது அந்தக் குரலுக்குப் போய்விடுகிறது. எதிரில் நிற்பவர் என்ன சொன்னார் என்பது யாருக்கும் தெரியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்றுகொண்டு, இரண்டு பேருமே மூன்றாவது ஆளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆறு மாதத்தில் எனக்கே அது வந்துவிட்டது. ஒருநாள் டப்பிங் தியேட்டரில் என் காட்சியை நானே பார்த்தபோது, மகள் "நான் போறேம்மா" என்று சொல்லும் இடத்தில் என் கண் அவளைப் பார்க்கவில்லை, இடது பக்கம் சாய்ந்திருந்தது. அங்கேதான் உதவி இயக்குநர் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து நெடுநேரம் தூங்கவில்லை.

மறுநாளிலிருந்து ஒரு வழி வைத்துக்கொண்டேன். லைட்டிங் செய்ய எப்படியும் இருபது நிமிஷம் ஆகும். அந்த நேரத்தில் பிரதியை வாங்கி, என் வசனத்தை விட்டுவிட்டு எதிராளியின் வசனத்தை மட்டும் மூன்று தடவை படிப்பேன். பிறகு அந்த நடிகையிடம் போய், "வாம்மா, ஒரு தடவை சும்மா பேசிப் பார்ப்போம்" என்பேன். உதவி இயக்குநரிடம், "தம்பி, நான் நின்னா மட்டும் குடுங்க. நிக்காத வரைக்கும் குடுக்காதீங்க" என்று சொல்லிவைப்பேன். முதலில் நேரம் போகிறதே என்று தயங்கினார்கள். டேக் குறைந்ததைப் பார்த்ததும் அவர்களே பிரதியை முன்கூட்டி அனுப்ப ஆரம்பித்தார்கள். இப்போது பல தொடர்களில் ஸ்பாட்டிலேயே குரலைப் பதிவு செய்கிறார்கள். இந்தப் பழக்கம் உள்ளவர்களுக்கு அது எளிது.

கேமராவுக்கு என்று தனியாகக் கற்க வேண்டியவையும் உண்டு. சஜஷன் ஷாட்டில் நம் தோள் மட்டும்தான் தெரியும். முகம் எதிராளியுடையது. அப்போது பலர் முகத்தைத் தளர்த்திக்கொண்டு போனைப் பார்ப்பார்கள். நான் அப்போதுதான் அதிகமாக நடிப்பேன். எதிரில் இருப்பவருக்கு என் முகம்தானே ஆதாரம். பிறகு என் பக்கம் கேமரா திரும்பும்போது அவர்களும் எனக்கு அதைத் தருவார்கள். கிளிசரின் பற்றி ஒன்று: கண்ணுக்கு உள்ளே விடாமல், கீழிமைக்குக் கொஞ்சம் கீழே துளி தொட்டால் போதும். ஒரு மாதம் தொடர்ந்து அழுகைக் காட்சி இருந்தபோது கண் சிவந்து வீங்கிக் கண் மருத்துவரிடம் போன அனுபவத்தில் சொல்கிறேன். சீன் முடிந்ததும் முகத்தைத் துடைக்காமல் தண்ணீரில் கழுவுங்கள்.

புடவை. சின்னத்திரையில் எங்களைப் போன்ற துணை நடிகைகளின் உடை பெரும்பாலும் எங்கள் சொந்தம். ஒரு காட்சியில் வாசலில் நின்று கதவைத் தட்டுவேன். அது ரோட்டில் எடுத்தது. கதவு திறந்து உள்ளே வருவதைப் பதினொரு நாள் கழித்து வேறு வீட்டில் எடுப்பார்கள். அதற்குள் அந்தப் பச்சைப் புடவையைத் துவைக்கப் போட்டுவிட்டேன். சாயம் ஒரு படி இறங்கிவிட்டது. கேமராவில் பார்த்த ஒளிப்பதிவாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். வாசல் காட்சியை மறுபடி எடுக்க அரை நாள். அந்த அரை நாள் தயாரிப்பாளருக்கு எவ்வளவு செலவு என்று அன்றைக்குத்தான் யாரோ சொல்லித் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. அதிலிருந்து என் நோட்டில் ஒரு பத்தி கூடியது: சீன் எண், புடவை, ரவிக்கை, எந்தக் கையில் எத்தனை வளையல், பூ எந்தப் பக்கம் தொங்கியது, தலைப்பு இழுத்துச் செருகியதா விட்டதா. காட்சி முடியும்வரை அந்தப் புடவை துவைக்கப்படாமல் தனிப் பையில், சீட்டு கட்டித் தொங்கும். இப்போது போனில் படம் எடுத்துக்கொள்கிறோம். இருந்தாலும் எழுதுகிறேன்.

அந்த நோட்டு என்னைக் காப்பாற்றியது 2006இல். ஒரு தொடர் திடீரென்று நின்றது. எனக்கு இருபத்து மூன்று கால்ஷீட்டுக்குச் சம்பளம் பாக்கி. தொடர் வேலையில் பணம் கைக்கு வர இரண்டு, மூன்று மாதம் ஆவது சகஜம் என்பதால் கேட்காமல் இருந்துவிட்டேன். அது என் தவறு. மேனேஜர் போனை எடுப்பதை நிறுத்தினார். சங்கத்தில் எழுதிக் கொடுத்தேன். பேச்சுவார்த்தைக்கு வந்த தயாரிப்புத் தரப்பு, "அம்மா வந்தது பன்னெண்டு நாள்தான்" என்றது. நான் நோட்டைத் திறந்து வைத்தேன். தேதி, இடம், சீன் எண், அன்றைக்குக் கூட நடித்தவர்கள், பேக்-அப் ஆன, அதாவது அன்றைய படப்பிடிப்பு முடிந்த நேரம். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. மூன்று தவணையில் முக்கால்வாசிப் பணம் வந்தது. என்னுடன் நடித்த இரண்டு பேரிடம் எந்தக் கணக்கும் இல்லை. என் நோட்டில் அவர்கள் பெயர் இருந்த தேதிகளை வைத்து அவர்களுக்கும் கொஞ்சம் வாங்க முடிந்தது.

அந்தக் கணக்கைப் பார்க்கும்போது இன்னொன்றும் வெளிவந்தது. எங்களுக்குச் சம்பளம் தரும்போது வருமான வரிக்காக ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வார்கள். பிடித்ததை நம் பான் எண்ணில் அரசுக்குக் கட்ட வேண்டும். கட்டவில்லை. பிறகு ஓர் ஆடிட்டர் சொல்லிக்கொடுத்த பழக்கம்: வருஷத்தில் இரண்டு தடவையாவது, என் பான் எண்ணில் கட்டிய வரியைக் காட்டும் படிவத்தை எடுத்து, யார் யார் கட்டியிருக்கிறார்கள் என்று நோட்டோடு ஒப்பிடுவேன். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை என்று பலர் கணக்கே தாக்கல் செய்வதில்லை. தாக்கல் செய்தால் அந்தப் பிடித்த பணம் திரும்பி வரும். துணை நடிகைக்கு அது இரண்டு மாத வாடகை.

வேடம் முடிவதையும் சொல்ல வேண்டும். ஒரு தொடரில் நாலு வருஷம் அம்மாவாக நடித்தேன். வியாழக்கிழமைதோறும் டிஆர்பி வரும். அந்த எண் இறங்கினால் கதை திரும்பும். ஒருநாள் காலை ஒப்பனை போட்டுக்கொண்டிருக்கும்போது ப்ரொடக்ஷன் தம்பி வந்து, "அம்மா, உங்க நல்ல போட்டோ ஒண்ணு இருந்தா அனுப்புங்க, சிரிச்ச மாதிரி" என்றான். எதற்கு என்று கேட்டேன். அவன் தரையைப் பார்த்தான். கூடத்தில் படத்துக்குப் போடும் பூமாலை வந்து இறங்கியிருந்தது. எனக்குச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை போலிருக்கிறது. அன்றைக்குச் சீன் எனக்கு இல்லை, என் படத்துக்குத்தான். என் மகளாக நடித்த பெண் நிஜமாகவே அழுதாள். இயக்குநர் கட் சொல்லியும் நிறுத்தவில்லை. நான் கேமராவுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து, அவளுக்குப் பார்வை தருவதற்காக அந்தப் படம் இருந்த திசையில் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். பேக்-அப் ஆனதும் ஒளிப்பதிவாளர் என்னைக் கூப்பிட்டு, "ஒரு தடவை சிரிங்கம்மா" என்று கேமராவை ஓடவிட்டார். சிரித்தேன். அந்தப் படத்தைப் பூமாலையிலிருந்து எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் யாருக்கும் காட்டவில்லை.

அதற்குப் பிறகு ஏழு மாதம் போன் வரவில்லை. இப்படிப்பட்ட மாதங்கள் எல்லா நடிகருக்கும் வரும், பெரியவர்களுக்கும் வரும். தினமும் காலையில் செய்தித்தாளை அரை மணி நேரம் உரக்கப் படித்தேன், குரலுக்காக. வாரம் இரண்டு நாள் பின்னணிக் குரல் கொடுக்கப் போனேன். வானொலிப் பழக்கம் அங்கே சோறு போட்டது. நின்றுபோன நாடகக் குழுவின் பழைய ஆட்கள் நாலு பேரைப் பிடித்து மறுபடி ஒத்திகை தொடங்கினோம். வயதான ஒரு நடிகருக்குத் தமிழக அரசின் இயல் இசை நாடக மன்றத்தில் நலிந்த கலைஞர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட உதவியபோது, அவர் இத்தனை வருஷம் நடித்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுக்கூட அவரிடம் இல்லை. என் பழைய நோட்டுகளில் ஒட்டியிருந்த நோட்டீஸ்களில் அவர் பெயர் பதினொரு இடத்தில் இருந்தது. நகல் எடுத்துக் கொடுத்தேன்.

2020 மார்ச்சில் படப்பிடிப்புகள் நின்றபோது, ஜூலை வரை ஒரு ரூபாய் வரவில்லை. ஆறு மாதச் செலவைத் தனியாக எடுத்துவைக்கும் பழக்கம் இருந்ததால் தப்பித்தேன். கூட நடித்தவர்கள் சிலர் நகையை வைத்தார்கள், சிலர் சென்னையை விட்டே போனார்கள். அவர்களில் மூன்று பேர் நல்ல நடிகர்கள். அவர்கள் திரும்பி வரவில்லை என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது.

போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். இருபத்தாறு வயது, ஐடி கம்பெனியில் வேலை, கோடை நாடக விழாவில் என்னைப் பார்த்தாளாம். வேலையை விட்டுவிட்டு முழு நேரமாக நடிக்க வரலாமா என்று கேட்டாள். நன்றாகப் பேசினாள். வாக்கியத்தின் கடைசிச் சொல் கீழே விழவில்லை.

"சம்பளமே வராம எத்தனை மாசம் ஓட்ட முடியும்?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் கணக்குப் போட்டாள். "நாலு மாசம் ஓடும்மா."

"அப்ப இன்னும் கொஞ்ச நாள் வேலைக்குப் போ. அது பன்னெண்டு மாசம் ஆகட்டும். அதுக்காகக் காத்துக்கிட்டு இருக்க வேண்டாம், சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஒத்திகைக்கு வந்துடு. உனக்கு வேடம் இல்ல, பிரதிய டைப் பண்ண ஆள் வேணும்" என்றேன்.

வந்துகொண்டிருக்கிறாள். நாற்பது பக்கம் முடித்திருக்கிறாள்.